வளையல் போட்ட வக்கீல்

யார் எதைச் சொன்னாலும் சங்கரநயினார் நம்பிவிடுவார். பிறவிக் குணம். வெண்டைக்காய் இப்போதுதான் பறித்து வந்தது என்று காய்கறிக்காரர் சொன்னால் நம்புவார். அடுத்த பஸ் காலியாக வருகிறது என்று கண்டக்டர் சொன்னால் இறங்கி வெயிலில் நிற்பார். காதில் பூ சுற்ற வருகிறவர்களுக்கு வசதியாக இவரே தலையைச் சாய்த்துக் கொடுப்பார் என்பது அவர் மனைவி ஆவுடையின் கருத்து. இப்படிப்பட்ட மனிதர் திருநெல்வேலியில் கிரிமினல் வக்கீலாகத் தொழில் நடத்தினார். கூண்டில் நிற்கும் சாட்சி தன் கட்சிக்காரருக்கு எதிராக அடித்துப் பேசும்போது, 'பாவம், பார்த்ததைத்தானே சொல்கிறார்' என்று தோன்றிவிடும். குறுக்கு விசாரணை செய்யாமல் உட்கார்ந்துவிடுவார். அதனால் பல வருஷங்களாக அவர் அலுவலகத்துக்குக் கட்சிக்காரர்களைவிட ஈக்களே அதிகம் வந்துபோயின.

அப்புறம் வாய்மைப் பட்டை வந்தது.

பெயர்தான் வாய்மை. அது அளந்தது நம்பிக்கையை. மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பேச வேண்டும். சொல்வதை மனதார நம்பிச் சொன்னால் பச்சை எரியும், நம்பாமல் சொன்னால் சிவப்பு, இரண்டுங்கெட்டானாக இருந்தால் மஞ்சள். நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்கள் எல்லோரும் அதை அணிய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், கடைசியில் கையை நீட்டினார்கள். 'வளையல் போட்டாச்சா?' என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வதோடு எதிர்ப்பு முடிந்தது. விளக்கின் நிறம் சாட்சியம் ஆகாது என்று சட்டத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனாலும் வக்கீலுக்குச் சிவப்பு எரிந்த வழக்கில் யாரும் விடுதலையாகி வீடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

பெரிய வக்கீல்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கட்சிக்காரர் முகத்திலேயே முழிப்பதில்லை. ஜூனியர் போய்க் கதையைக் கேட்டு, கெட்ட சமாச்சாரங்களைத் தன்னோடு வைத்துக்கொண்டு, நம்புவதற்கு ஏதுவானதை மட்டும் சீனியர் காதில் போடுவார். கேட்பவர் ஒருவர், பேசுபவர் ஒருவர். அப்படியும் பல பேருக்கு மஞ்சள்தான் எரிந்தது. வாழ்க்கை முழுக்கப் பொய்யைக் கேட்டுப் பழகிய மூளை அவ்வளவு சீக்கிரம் திருந்துமா?

நயினாருக்கு இந்த வித்தை எதுவும் தேவைப்படவில்லை. அவர் ஜெயிலுக்கே போவார், கட்சிக்காரரிடம் நேரில் கேட்பார், 'நான் செய்யலை சார்' என்று அவர் சொன்னதும், 'அதான பாத்தேன்' என்பார். கோர்ட்டில் அவர் கை இளவாழை போலப் பச்சையாக எரியும். இரண்டே வருஷத்தில் கொடிகட்டிப் பறந்தார். தென்மாவட்டங்களில் கொலை செய்தவர்களும், செய்ய உத்தேசித்தவர்களும் அவர் பெயரைத்தான் முதலில் விசாரித்தார்கள். அவருடைய ஜூனியர் ஜெபக்கனி நேர் எதிர். காலண்டரில் தேதியைப் பார்த்தாலும் கைபேசியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வாள். வழக்குக் கட்டை அவள் கவனித்துக்கொண்டாள், நம்பிக்கையை அவர் கவனித்துக்கொண்டார்.

கேடு அல்வா வடிவத்தில் வந்தது. கல்குவாரி முதலாளி செந்தூர்பாண்டி விடுதலையான மறுவாரம் பெரிய அல்வாப் பொட்டலத்தோடு நன்றி சொல்ல வந்தார். ஏற்கெனவே அல்வா கொடுத்துவிட்ட ஆளுக்கு மறுபடியும் எதற்கு என்று ஜெபக்கனி அப்போதே நினைத்தாள். தன் கணக்குப்பிள்ளையைத் தாமிரபரணியில் தள்ளிக் கொன்றதாக அவர் மேல் வழக்கு. குடித்துவிட்டுப் படித்துறையில் வழுக்கி விழுந்திருப்பார் என்று நயினார் ஒரு மணி நேரம் பச்சை மாறாமல் வாதாடியிருந்தார்.

செந்தூர்பாண்டி அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உண்மையான பாசம் அவர் கண்ணில் தெரிந்தது.

"சார், உங்க வாதத்தக் கேட்டுக்கிட்டே இருந்தேன். கேக்கக் கேக்க, நான் தள்ளினதே எனக்கு மறந்துபோச்சு பாத்துக்கிடுங்க. அவன் வழுக்கித்தான் விழுந்திருப்பானோன்னு எனக்கே தோணிட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஜெபக்கனி பேனாவைக் கீழே வைத்தாள். நயினார் சிரிக்கலாமா என்று யோசித்து, வாயை ஒரு பக்கம் திறந்து, அப்படியே நிறுத்திவிட்டார். செந்தூர்பாண்டி போன பிறகும் அவர் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு வந்துவிட்டது. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லவும் கூடாது. செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், குழம்பை ஊற்றிய ஆவுடையிடம், இது இன்றைக்கு வைத்ததா என்று கேட்டார். ஆவுடைக்குக் கரண்டி நழுவியது. கல்யாணமான நாள் முதல் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. "நேத்து வச்சதுதான்" என்று ஒப்புக்கொண்டாள். "இத்தனை வருசமாவா?" என்றார் நயினார். அவள் அப்பளம் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு சந்தேகம் அவரை விடவில்லை. ஆட்டோக்காரர் ரோடு வேலை நடக்கிறது என்று சொன்னால் எட்டிப் பார்த்தார். டாக்டர் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்றால் இன்னொரு டாக்டரிடம் போனார். அலுவலகத்தில் தனியாக இருக்கும்போது பட்டையை மாட்டிக்கொண்டு, 'என் பெயர் சங்கரநயினார்' என்று சொல்லிப் பார்த்தார். பச்சை எரிந்தது. 'நான் நல்ல வக்கீல்' என்றார். மஞ்சள்.

கணக்குப்பிள்ளையின் மனைவியின் ஞாபகம் அவரைத் தின்றது. தீர்ப்பு நாளன்று அந்த அம்மாள் கோர்ட் வராந்தாவில் அவரை நிறுத்தி, கோபமே இல்லாமல் பேசியிருந்தாள். அவர் கை பச்சையாக எரிந்ததைப் பார்த்துத் தானும் நம்பிவிட்டதாகச் சொன்னாள். கூடவே வாழ்ந்தும் புருஷன் குடிப்பதைக் கண்டுபிடிக்காத முட்டாளாக இருந்திருக்கிறேனே என்று வருத்தப்பட்டாள். அப்போது நயினார் அவளுக்கு ஆறுதல் வேறு சொல்லியிருந்தார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மேலப்பாளையத்தில் இருந்த அவள் வீட்டுக்கே போனார். நடந்ததைச் சொல்ல முடியாது. அதனால், கோர்ட்டில் தான் பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் குடித்திருக்க மாட்டார் என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"என் மனசு ஆறணும்னு சொல்லுதீங்க. நல்ல மனுசன்யா நீங்க" என்று சொல்லிக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு வந்தார்.

இந்த நிலைமையில்தான் செல்லக்கிளியின் வழக்கு இறுதி வாதத்துக்கு வந்தது.

செல்லக்கிளி நாற்பது வயதுக்காரி. கணவன் இறந்த பிறகு, கொழுந்தன் முத்துவீரனோடு சேர்ந்து டவுனில் வேஷச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடை நடத்தினாள். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு, அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்கள் கிரீடமும் சூலமும் சடாமுடியும் அங்கேதான் எடுப்பார்கள். போன தசராவின்போது, ஒரு மத்தியானத்தில், முத்துவீரன் கடைக்குள்ளே தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தான். அடித்தது ஒரு சூலத்தின் பிடியால். பிடியில் செல்லக்கிளியின் விரல் ரேகை இருந்தது. கடையை விற்பது பற்றி இரண்டு பேருக்கும் சண்டை என்பது தெருவுக்கே தெரியும். எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருந்தவர், காளி வேஷம் போட்ட ஒரு பெண் கடையிலிருந்து வேகமாக வெளியே போனதைப் பார்த்ததாகவும், நடையை வைத்து அது செல்லக்கிளிதான் என்று அடையாளம் கண்டதாகவும் சாட்சி சொன்னார். அந்த வருஷம் செல்லக்கிளி கட்டியிருந்தது காளி வேஷம்தான்.

டீக்கடைக்காரர் சாட்சி சொன்ன நாளில் நயினார் இன்னும் பழைய நயினாராக இருந்தார். செல்லக்கிளி செய்யவில்லை என்று நம்பினார், அவளைப் பார்த்தேன் என்று சொன்ன டீக்கடைக்காரரையும் நம்பினார். இரண்டுக்கும் அவர் மனதில் தாராளமாக இடம் இருந்தது. குறுக்கு விசாரணை வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். ஆயுள் தண்டனை கிட்டத்தட்ட அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. மிச்சம் இருந்தது அவருடைய பச்சை விளக்கு ஒன்றுதான்.

இறுதி வாதத்துக்கு முன் அவரும் ஜெபக்கனியும் செல்லக்கிளியைப் பார்க்கச் சிறைக்குப் போனார்கள். கொலை நடந்த நேரத்தில் பாளையங்கோட்டையில் ஒரு அம்மன் கோயிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்ததாகச் செல்லக்கிளி முதலிலேயே சொல்லியிருந்தாள். அதைக் கடைசி அஸ்திரமாக வைத்திருந்தார் நயினார். அவள் அதையே மறுபடியும் சொன்னாள். நயினார் வழக்கம்போலத் தலையாட்ட ஆரம்பித்தார். பாதியில் தலை நின்றது.

"ஏம்மா, மத்தியானம் ரெண்டு மணிக்கு எந்தக் கோயில்ல நடை திறந்திருக்கும்?"

செல்லக்கிளி ஜெபக்கனியைப் பார்த்தாள். ஜெபக்கனி சுவரைப் பார்த்தாள். முதல் நாளே தான் அதைக் கவனித்துவிட்டதாகவும், சொன்னால் சாருக்குச் சந்தேகம் தட்டிவிடும் என்று வாயை மூடிக்கொண்டதாகவும் மெல்லிய குரலில் சொன்னாள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், இத்தனை மாதமாக மூன்று பேர் நடுவில் சும்மா கிடந்திருக்கிறது.

செல்லக்கிளி ஆத்திரத்தோடு பேச ஆரம்பித்தாள். பொய் சொன்னது அவள் தப்பில்லையாம். ஜெயிலில் இருக்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, 'நயினார் சாரிடம் எதைச் சொன்னாலும் நம்புவார், அதனால் கேட்க நன்றாக இருக்கிற கதையாகச் சொல்லு' என்று புத்தி சொன்னார்களாம். அவளுடைய நிஜக் கதை கேட்க நன்றாக இல்லையாம்.

"அப்ப நீ எங்கதாம்மா இருந்தே?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"புரோட்டாக் கடையில, சார்."

நயினாருக்குப் புரியவில்லை. ஜெபக்கனிக்குப் புரிந்துவிட்டது. மாலை போட்டு விரதம் இருப்பவர்கள் கவிச்சி பக்கம் போகக் கூடாது. செல்லக்கிளி மாலை போட்டதே, காய்ச்சலில் பிழைக்குமா என்று கிடந்த மகள் எழுந்து நடந்தால் காளி வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்டதற்காக. மகள் எழுந்து ஓடியாடினாள். அம்மா பச்சரிசிச் சோறும் துவையலுமாக விரதம் இருந்தாள். தினமும் வேஷத்தோடு வீடு வீடாகக் காணிக்கை பிரிக்கப் போகிற வழியில் ஒரு புரோட்டாக் கடை.

"சால்னா வாசம் சார். ஒரு நாளு, ரெண்டு நாளு தாங்கலாம். அன்னைக்கு முடியல. ஆத்துல போயி மூஞ்சியக் கழுவி, வேஷத்தக் கழத்திப் பைக்குள்ள வச்சுட்டு, சாதாச் சேலையில போயி உக்காந்து, கோழியும் புரோட்டாவும் தின்னேன். காளியாப் போயிருந்தா ஊரே பாத்திருக்கும். யாரும் பாத்துரக் கூடாதுன்னுதான வேஷத்தக் கலைச்சேன். இப்ப யாருமே பாக்கல."

கடைக்காரருக்கு ஞாபகம் இல்லை. கேமராப் பதிவு எப்போதோ அழிந்துவிட்டது. இதைக் கோர்ட்டில் சொல்லலாம் என்று நயினார் சொன்னதும் செல்லக்கிளி பதறிவிட்டாள். அம்மனுக்குத் தெரியாதா, கோர்ட்டில் சொல்வதற்கு என்ன என்று ஜெபக்கனி கேட்டாள்.

"அம்மனுக்குத் தெரியும். எங்க மாமியாளுக்குத் தெரியாது" என்றாள் செல்லக்கிளி. மகள் இப்போது அந்த மாமியாரிடம்தான் இருந்தாள். தன் மகன் முத்துவீரனைக் கொன்றது யார் என்பதைக் கோர்ட்டே சொல்லட்டும் என்று அவர் இருந்தார். பேத்தியின் உயிருக்காக இருந்த விரதத்தைப் புரோட்டாவுக்காக முறித்தவள் என்று தெரிந்தால், ஜெயிலிலிருந்து வந்தாலும் பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டார் என்று அழுதாள்.

அழுதுகொண்டே, அவள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். அந்த வளையலை என் கையில் மாட்டிவிட்டால் என்ன, செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேனே என்றாள். ஜெபக்கனிதான் விளக்கினாள்.

"தனக்கு எதிரா சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்குக்கா. நீங்களா விரும்பிப் போட்டுக்கிட்டாலும் விட மாட்டாங்க. ஒருத்தர் போட்டுக்கிட்டா, மாட்டேன்னு சொல்லுத அடுத்த ஆளு குற்றவாளின்னு ஆயிரும்லா. சாட்சிக்குப் போட்டா சாட்சி சொல்ல ஒருத்தனும் வர மாட்டான். கடைசியில பாதுகாப்பு இல்லாத மண்டை வக்கீல் மண்டை ஒண்ணுதான்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் நயினார் பட்டையை மாட்டிக்கொண்டார். 'செல்லக்கிளி கொலை செய்யவில்லை' என்று சொன்னார். மஞ்சள் எரிந்தது. இன்னொரு தடவை அழுத்தமாகச் சொன்னார். மஞ்சள் இன்னும் பிரகாசமாக எரிந்தது.

அவருக்கு அழுகை வந்தது. அவள் சொன்னது நிஜமாக இருக்கலாம். சால்னா வாசத்தை யார் இட்டுக்கட்டுவார்கள்? ஆனால் கோயில் கதையையும் அவள் இதே கண்ணீரோடுதானே சொன்னாள்? செந்தூர்பாண்டியும் இதைவிட நன்றாக அழுதார். வழக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றார். ஜெபக்கனி ஒரே பேச்சில் அதை முறித்தாள். ஊரில் யாரைக் கண்டாலும் நம்புகிற நயினார் சாரே விலகிக்கொண்டார் என்றால், புது வக்கீல் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு முடிந்துவிடும். நம்புகிற ஆள் என்று பெயர் எடுத்தவருக்கு விலகுகிற வசதியும் கிடையாது.

"நீ அவளை நம்புறியாம்மா?" என்று கேட்டார் நயினார்.

"நான் யாரையும் நம்புறதில்ல சார். ஆனா டீக்கடைக்காரரையும் நான் நம்பல. அவரு என்னத்தப் பாத்தாரு? ஒரு காளியப் பாத்தாரு. தசராவுல டவுன்ல கல்லெறிஞ்சா காளி மேலதான் விழும்" என்றபடி ஜெபக்கனி வண்டியைக் கிளப்பினாள்.



வாதத்தன்று கோர்ட் நிறைந்திருந்தது. நயினாரின் பச்சையைப் பார்க்க வழக்கமாகவே கூட்டம் வரும். சட்டக் கல்லூரி மாணவர்கள் ஜன்னலோரம் தொற்றிக்கொண்டு நின்றார்கள். அரசு வக்கீல் திரவியம் முதலில் பேசினார். போலீஸ் பிடித்த எவரும் குற்றவாளியே என்று நம்புகிறவர் அவர். அதனால் அவர் கையும் எப்போதும் பச்சைதான். முடித்துவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்தார்.

நயினார் எழுந்தார். நீதிபதி ஷாகிதா பானு அவர் கையைப் பார்த்தார், எல்லோரும் பார்த்தார்கள். கூண்டில் நின்ற செல்லக்கிளியும் அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

"கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் இந்தக் கொலையைச் செய்யவில்லை."

மஞ்சள். கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. திரவியம் அவசரமாக மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நயினார் கையை மறைக்கவில்லை. சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் கட்சிக்காரர் இந்தக் கொலையைச் செய்தார்."

செல்லக்கிளி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வக்கீல் தன் கட்சிக்காரரைப் பற்றி அப்படிச் சொல்லி அந்தக் கட்டடம் கேட்டதில்லை. அதற்கும் மஞ்சள்தான் எரிந்தது.

"அவர் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது."

பச்சை. அவருடைய பழைய பச்சையைப் பார்த்தவர்களே அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

சொந்தக் கட்சிக்காரரையே நீங்கள் நம்பவில்லையா என்று நீதிபதி கேட்டார். நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன் என்றார் நயினார், பச்சை மாறாமல். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். இதுவரை அவர் ஜெயித்த வழக்குகளில் தன் நம்பிக்கையைத்தான் கோர்ட்டுக்குக் கொடுத்தார் என்றும், அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவே கூடாது என்றும் சொன்னார். சட்டம் வக்கீலின் நம்பிக்கையை எங்கேயும் கேட்கவில்லை. சந்தேகம் இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. சந்தேகம் இருந்தால் அது கூண்டில் நிற்பவருக்குச் சேர வேண்டிய சொத்து.

அதன் பிறகு தன்னிடம் இருந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டவுனில் அன்றைக்கு எத்தனை காளிகள் நடந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அத்தனை பேர் தலையிலும் இருந்தது அதே கடைக் கிரீடம். முகம் முழுக்கச் சாயம், கால் நிறையச் சலங்கை. சலங்கை கட்டிய காலுக்குச் சொந்த நடை எது? சூலத்தில் கடைக்காரியின் ரேகை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். டீக்கடைக்காரரிடம் இந்தக் கேள்விகளை அன்றைக்கே கேட்காமல் விட்டது தன் குற்றம், அதற்காக இந்தப் பெண் ஜெயிலுக்குப் போகக் கூடாது என்று தலை குனிந்து சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பச்சை எரிந்தது. கடைசியாகத் திரவியத்தின் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, டீக்கடைக்காரர் பாத்தது வேற ஒரு காளியா இருக்கவே முடியாதுன்னு நீங்க ஒரு தடவை சொல்லுங்க. நான் உக்காந்துருதேன்."

திரவியம் எழுந்தார், வாயைத் திறந்தார். அவர் கண் ஒரு நொடி தன் மணிக்கட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. வாதத்தைத் தான் ஏற்கெனவே முடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளித்து விடுதலை செய்வதாக நீதிபதி வாசித்தார். ஜெபக்கனி தன் வழக்கப்படி தீர்ப்பு நகலை இரண்டு தடவை படித்துச் சரிபார்த்தாள். பிறகு சிரித்தாள்.

செல்லக்கிளி சிறையிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தாள். கோர்ட்டே விட்டுவிட்டது, நான் என்ன சொல்ல என்று கோர்ட்டுக்கு வந்திருந்த மாமியார், பிள்ளையை அவளிடமே அனுப்பச் சம்மதித்திருந்தாராம். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் முகத்தில் களை இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். ஜெயிலில் கூட இருந்தவர்கள், நயினார் சாருக்கே மஞ்சள் எரிந்துவிட்டதாமே என்று கேட்டார்களாம். தெருவில் நாளைக்கு அதைத்தான் கேட்பார்கள்.

"ஊரு கேட்டா கேட்டுட்டுப் போவுது. எனக்காகக் கேக்கேன். ஒரே ஒரு ஆளு நம்பினாக்கூடப் போதும்னு இத்தனை மாசம் உள்ள கெடந்தேன் சார். அந்த வளையலப் போட்டுக்கிட்டு ஒரு தடவ சொல்லுங்க."

நயினார் ஜெபக்கனியைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல அவள் லேசாகத் தலையசைத்தாள். காரில் எரிந்த மஞ்சளை அவளும் பார்த்தவள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மேஜை டிராயரிலிருந்து பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். மேஜை மேல் கையை வைத்தார்.

"செல்லக்கிளி, நீ சொன்னதை நான் நம்புறேன். நீ அந்தக் கொலையைச் செய்யலை."

விளக்கு எரிவதற்குள் செல்லக்கிளி எட்டித் தன் உள்ளங்கையால் பட்டையை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"பாக்க வேண்டாம் சார்" என்றாள். "மஞ்சளா இருந்தா மனசு விட்டுப்போவும். பச்சையா இருந்தா அந்த வெளக்கைத்தான நம்பினேன்னு ஆயிரும். நீங்க வாயால சொன்னீங்க. நான் நம்புதேன்."

நயினாருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊரில் எல்லோரையும் நம்பியிருக்கிறார். பட்டை வந்த நாளிலிருந்து ஒரு ஆள்கூட அவர் சொன்ன சொல்லை, கையைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டதில்லை. ஜெபக்கனி நின்ற இடத்திலிருந்து விரலிடுக்கில் விளக்கின் நிறம் தெரிந்திருக்கும். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் இன்னொரு கையால் பட்டையின் கொக்கியைத் தடவிப் பிடித்துக் கழற்றினார். விளக்கு அணையும் வரை செல்லக்கிளி கையை எடுக்கவில்லை.